பனிச்சரிவில் ஐந்து டியூப்

டிசம்பர் 18, புதன்

நேற்று மதியம் கல்கரி வந்து சேர்ந்தோம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. விமான நிலைய வாசலிலிருந்து கார் வரை நடப்பதற்குள் என் மீசை விறைத்துவிட்டது. மனைவி செண்பகம் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, “ஏங்க, ஊசி ஏத்துத மாதிரி இருக்கு” என்றாள்.

முப்பத்துமூன்று வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து, தென்காசிப் பக்கம் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். எதையும் நடந்த தேதியில் எழுதிவைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அதற்காக இந்த நோட்டு.

முதலில் எழுத வேண்டியது என் குழப்பத்தை. வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில் நம்மவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் பையனைப் பெற்றவர்கள் கிளம்புவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் தங்குவது கிடையாது. தங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் சோதித்துப் பார்த்ததுமில்லை. ஆனால் மகள் வடிவும் மாப்பிள்ளை கோமதிநாயகமும் அக்டோபரில் ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் போன் செய்து, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள், மூன்றே வாரம் என்றார்கள். சம்பந்தி நாளை வருகிறார்.

போனை வைத்த நிமிடமே செண்பகம் தீர்மானித்துவிட்டாள். கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கூப்பிட்டால் வேறென்ன செய்தி இருக்க முடியும்? பிரசவ லேகியம் இரண்டு கிலோ கிண்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, சுங்கத்துக்காரர்கள் கேட்டால் சொல்வதற்காக ‘புளிக்காய்ச்சல்’ என்று என் கையாலேயே சீட்டு எழுதி ஒட்ட வைத்தாள். தெரிந்தே பொய் விவரம் எழுதியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

வடிவு இளைத்திருக்கிறாள். அதற்கும் செண்பகத்திடம் விளக்கம் இருக்கிறது. “முதல் மூணு மாசம் அப்படித்தான் இருக்கும்.”

டிசம்பர் 19, வியாழன்

சம்பந்தி ஆவுடையப்பன் வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். மனைவி இறந்து ஆறு வருடம். அறுபத்தெட்டு வயதில் என் பெட்டியையும் சேர்த்துத் தூக்குகிறார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். நான்கு வருடமாக அவர் எதிரில் நான் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. அவர் ஒரு தடவையும் மிடுக்குக் காட்டியவர் அல்ல. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தவனுக்கு முதுகு தானாகவே நிமிர்ந்துகொள்கிறது.

வீட்டில் மாடியில் மூன்று அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று அண்ணாச்சிக்கு, ஒன்று வடிவுக்கு. மாப்பிள்ளை கீழ்த்தளத்தில் படுக்கிறார். கண்ட நேரத்தில் ஆபீஸ் போன் வருமாம், வடிவின் தூக்கம் கெடக்கூடாதாம். நல்ல குணம். ஆனால் கீழே அவருடைய ஷேவிங் சாமான், சலவைத் துணி, இரண்டு தலையணை, நெல்லையப்பர் படம் வரைக்கும் இருக்கின்றன. வேலை அதிகம் போலிருக்கிறது.

ஃபிரிட்ஜில் இரண்டு பால் கேன். ஒன்றில் ‘வ’, மற்றதில் ‘கோ’. இந்த ஊர் ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

மைனஸ் இருபத்தேழு. யாரும் வெளியே போகவில்லை. வடிவும் மாப்பிள்ளையும் உப்பை எடுத்துக் கொடுத்தால்கூட ஒருவருக்கொருவர் தேங்க்ஸ் சொல்லிக்கொள்கிறார்கள்.

டிசம்பர் 21, சனி

காலையில் மாப்பிள்ளை திட்டத்தைச் சொன்னார். 26-ஆம் தேதி மலைப்பக்கம் போகிறோம். இரண்டு நாள் மரவீட்டில் தங்கல். அங்கே பனிச்சரிவில் டியூபில் உட்கார்ந்து சறுக்க வேண்டும். போனில் வீடியோ காட்டினார். பையன்கள் கிணற்றில் போட்டு நீந்துகிற லாரி டியூப்தான். அடியில் வழவழப்பான கெட்டித் துணி தைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடியும், இழுத்துப்போக ஒரு வாரும் வைத்திருக்கிறார்கள். மேலே போக நகரும் பட்டை ஒன்று. ஏற வேண்டியது, உட்கார வேண்டியது, கீழே வர வேண்டியது, மறுபடி ஏற வேண்டியது.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்வளவுதான் மாமா” என்றார்.

அண்ணாச்சிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். சோபா மெத்தையைத் தரையில் போட்டு உட்கார்ந்து பயிற்சி ஆரம்பித்துவிட்டார். “சம்பந்தி, இங்கன பாருங்க. தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சோட ஒட்டி வைக்கணும். காலு ரெண்டும் மேல. குதிகால் தரையில பட்டா மொழங்கால் போயிரும்.” நானும் உட்கார வேண்டியதாயிற்று.

சமையலறையில் வேறு பிரச்சினை. “நீ சறுக்கக் கூடாது. இப்பமே சொல்லிட்டேன்” என்று செண்பகம் வடிவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா?”

“ஏம்மாவா? வயித்துப் பிள்ளையோட யாராவது சறுக்குவாகளா?”

வடிவு தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “அம்மா, அப்படி எதுவும் இல்லம்மா” என்றாள். பிறகு குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிவைத்த தட்டுகளை மறுபடி கழுவினாள்.

அப்படியானால் எங்களை எதற்காக அழைத்தார்கள்? டியூபில் சறுக்கவா? அதற்கா இருபத்தாறு மணி நேரம் பறந்து வந்தோம்? செண்பகம் என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

மலைக்குப் போவதற்கு பூட்ஸும் க்ளவுஸும் வாங்க மாப்பிள்ளையோடு கடைக்குப் போனேன்.

கார் நிறுத்தும் அறையில் சுவரோரமாகப் பதினொரு அட்டைப்பெட்டி. எல்லாவற்றிலும் வடிவின் கையெழுத்து. புத்தகம், குளிர்காலத் துணி, பாத்திரம். ஒவ்வொன்றின் கீழும் ஒரே முகவரி, ஹாலிஃபாக்ஸ். அது இந்த நாட்டின் கிழக்குக் கோடி என்று பிறகு படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கிருந்து விமானத்திலேயே ஐந்து மணி நேரமாவது ஆகும். முகவரி படிப்பதே தொழிலாக இருந்தவன் நான். எந்தப் பெட்டியிலும் மாப்பிள்ளை பெயர் இல்லை.

கடையில் மாப்பிள்ளை முழங்காலிட்டு உட்கார்ந்து என் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டார். பெற்ற மகன் இருந்தால் செய்வானா என்பது சந்தேகம்.

திரும்பும்போது கடை வாசலிலேயே வண்டியை எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதை எழுத வேண்டியதில்லை.

பெட்டிகளைப் பற்றி செண்பகத்திடம் சொல்லவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

மத்தியானம் வடிவும் மாப்பிள்ளையும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். “நிஜமாவா சொல்லுதீங்க?” என்று அவள் இரண்டு தடவை கேட்டது மட்டும் காதில் விழுந்தது. பிறகு வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்து டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி. ஓடவில்லை.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. மாப்பிள்ளை பிரியாணி செய்தார். நன்றாக இருந்தது.

இந்த வரனைக் கொண்டுவந்தது நான்தான். வடிவு அப்போது தூத்துக்குடியில் மீன்வளம் படித்து முடித்து, கடல் ஆராய்ச்சி வேலை ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தாள். “யோசிக்கணும்ப்பா” என்றாள். “யோசிக்க என்ன இருக்கு? பையன் தங்கம்” என்றேன். பையன் தங்கம்தான். அதில் நான் தப்புச் செய்யவில்லை. குடி கிடையாது, கோபம் கிடையாது, நான்கு வருடத்தில் ஒரு கெட்ட வார்த்தை கேள்விப்பட்டதில்லை. அவளும் ஒரு நாள்கூட ஒரு குறை சொன்னதில்லை. அப்புறம் பெட்டி எதற்கு?

எங்கள் அலுவலகத்துக்கு ரத்துப் பத்திரம் கொண்டுவருகிறவர்கள் ஏதாவது ஒரு காரணம் எழுதிக்கொண்டு வருவார்கள். பணம் வரவில்லை, ஏமாற்றிவிட்டார், ஏதாவது ஒன்று. இரண்டு பேரும் நல்லவர்கள் என்று எழுதிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

பெட்டிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் மேலே ஒட்டியிருந்த முகவரிச் சீட்டுகளை யாரோ கிழித்திருக்கிறார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் 26, வியாழன். மரவீடு.

எட்டு மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்கு வந்து சேர்ந்தோம். மைனஸ் பதினொன்று. இதைக் கதகதப்பு என்கிறார்கள்.

சரிவு நான் நினைத்ததைவிடப் பெரியது. பனியிலேயே கரை கட்டி ஏழு பாதை பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாதையின் தலைப்பிலும் ஒரு ஆள். எங்கள் பாதையில் ரோஸ் தொப்பி போட்ட ஒரு பெண். உட்கார்ந்ததும் அவள் ஒரு விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டுவாள். சுழற்றிவிடவா, வேண்டாமா என்று அர்த்தம். நான் ‘நோ’ என்றேன். அண்ணாச்சி மூன்று தடவை ‘யெஸ்’ என்றார்.

அந்தப் பெண் காலால் ஒரு உந்து உந்தினாள். அதன் பிறகு எனக்கு எதிலும் அதிகாரமில்லை. பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை, திருப்பச் சக்கரமில்லை. கண்ணை மூடினேன். முகத்தில் பனித்தூள் அடித்தது. ‘முருகா’ என்று யாரோ கத்தியது கேட்டது, அது நான்தான். கீழே ரப்பர் விரிப்பில் ஏறி நின்ற பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு வளையத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வெள்ளைக்காரக் குழந்தைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். சார்பதிவாளராக இருந்தபோது என் முன்னால் யாரும் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

செண்பகம் சேலையைச் சுருட்டி மேலே பனிக் காற்சட்டை போட்டிருந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்றவள் ஏழு தடவை சறுக்கினாள். “வயித்துல என்னமோ பண்ணுது. ஆனா நல்லாருக்குங்க” என்றாள்.

நாலாவது தடவை மேலே போகும்போது வடிவு என் பின்னால் ஏறினாள். நகரும் பட்டை மெதுவாகத்தான் போகும். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

“அப்பா, உங்களைக் கூப்பிட்டது ஒரு விஷயம் சொல்லத்தான். இப்ப சொல்ல வேண்டியதில்ல. ஆனாலும் சொல்லிருதேன்.”

“சொல்லும்மா.”

“நாங்க பிரிஞ்சுரலாம்னு இருந்தோம். செப்டம்பர்லயே பேசி முடிவு பண்ணிட்டோம். ஹாலிஃபாக்ஸ்ல எனக்குக் கடல் ஆராய்ச்சி வேலை கிடைச்சிருக்கு. ஜனவரி கடைசியில சேரணும்.”

நான் டியூபின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இப்ப இல்லப்பா. முந்தாநாள் அவரு, ‘இன்னும் ஒரு வருஷம் இருந்து பாப்போம் வடிவு’ன்னாரு. சரின்னுட்டேன். வேலை கொடுத்தவங்களுக்கு வரலன்னு எழுதணும், இன்னும் எழுதல.” க்ளவுஸால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத்தான் ஒண்ணும் புரியல. நாம நல்ல சிநேகிதங்க, புருஷன் பொண்டாட்டி இல்லன்னு முதல்ல வாய்விட்டுச் சொன்னதே அவருதான். அதைக் கேட்டப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். எல்லாம் நானா கற்பனை பண்ணிக்கிட்டனோ என்னவோ” என்றாள்.

“ஒரு வருஷம்தானம்மா. நல்லதுதான்” என்றேன். பட்டை முடிந்துவிட்டது.

மாலையில் அண்ணாச்சி ஐந்து பேரையும் சேர்த்துச் சறுக்கவைத்தார். வரிசையாக உட்கார்ந்து ஒருவர் டியூபின் வாரை அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வடிவையும் மாப்பிள்ளையையும் நடுவில் உட்காரவைத்தது நான். ஐந்து பேர் பாரத்தில் வேகம் இரண்டு மடங்கு. பாதி வழியில் மொத்தமாகத் திரும்பி முதுகுப்புறமாகப் போனோம். கீழே வந்து வடிவும் மாப்பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்படிச் சிரிக்கிறவர்கள் எதற்குப் பிரிய வேண்டும்? மாப்பிள்ளை கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். அவள் எழுந்து நின்று சிரிப்பை நிறுத்தி, “தேங்க்ஸ்” என்றாள்.

நான் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. பயணக் களைப்பாக இருக்கும்.

டிசம்பர் 27, வெள்ளி

காலையில் அண்ணாச்சியும் நானும் மட்டும் சரிவுக்குப் போனோம். ஆறு சறுக்கு முடித்து, கீழே இருக்கும் கொட்டகையில் சூடாகச் சாக்லேட் பால் வாங்கி உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல நுனியில்.

“சம்பந்தி, நல்லாச் சாஞ்சு உக்காருங்க” என்றார். “ஒரு விஷயம் கேக்கணும். பிள்ளைக விஷயம் உங்களுக்குத் தெரியும்லா?”

“நேத்து வடிவு சொன்னா, அண்ணாச்சி.”

“எனக்கு அக்டோபர்லயே தெரியும். எம்மவன் போன்ல அழுதான். நானும் ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் யோசிச்சேன். முப்பது வருஷம் பயலுகளை ஓடவிட்டவன் நான். ஓட்டத்துல இருக்கவனுக்கு மூச்சு வாங்குதா இல்லியான்னு அவனுக்குத்தான் தெரியும். வெளிய நின்னு விசில் அடிக்கவன் என்ன சொல்ல?”

“எங்ககிட்ட ஏன் சொல்லல அண்ணாச்சி?”

அவர் குவளையைக் கீழே வைத்தார். “வடிவுதான் வேண்டாம்னா. ‘மாமா, நானே நேர்ல சொல்லிக்கிடுதேன். போன்ல சொன்னா அப்பா உங்க வீட்டு வாசல்ல வந்து கைகூப்பிக்கிட்டு நிப்பாங்க. என்னால அதைத் தாங்க முடியாது’ன்னு சொன்னா. கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா பாயாசம் ஆறிப்போச்சுன்னு சத்தம் போட்டப்ப நீங்க பந்தியில கைகூப்பிக்கிட்டு நின்னியள்லா, மணவறையில இருந்து அதைப் பாத்துட்டு இருந்திருக்கா பிள்ளை.”

நான் பாலைக் குடித்தேன். நாக்கு வெந்துபோயிற்று.

“இப்பம் என்னன்னா, திங்கக்கிழமையிலருந்து பயல் ஒரு வருஷம், ஒரு வருஷம்னு மாத்திப் பேசுதான். யாரோ அவன் மனசைக் கரைச்சிருக்காங்க. சத்தியமா நானில்ல” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சரிவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த மரியாதைக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

கடை வாசலில், காருக்குள், அந்தப் பெட்டிகள் எதற்கு என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். சண்டை இல்லை, யார் மேலும் தப்பு இல்லை, ஒரு வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம் மாமா என்றார். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. கையைக் கூப்பினேன். அப்போதுதான் வாங்கிய தடிமனான க்ளவுஸ் கையில். “ஒரே ஒரு வருஷம் மாப்பிள்ளை. நீங்களாச் சொன்ன மாதிரி இருக்கட்டும், வடிவுக்குத் தெரிய வேண்டாம்” என்றேன். “கையை இறக்குங்க மாமா” என்று அவர் நான்கு தடவை சொன்னார். சரி என்று சொல்லும்வரை நான் இறக்கவில்லை.

அவள் எதற்குப் பயந்தாளோ அதை அவள் முதுகுக்குப் பின்னால் முன்கூட்டியே செய்து முடித்திருக்கிறேன். என் மகள் வாழ்க்கையைப் பற்றித் தரகரிடம் கேட்டிருக்கிறேன், ஜோசியரிடம் கேட்டிருக்கிறேன், மாப்பிள்ளையிடம் கெஞ்சியிருக்கிறேன். அவளிடம் கேட்டதாக ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள். எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டிசம்பர் 28, சனி

பதினொரு மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கடைசியாக நாலு சறுக்கு என்று அண்ணாச்சி கிளம்பினார். வடிவும் கிளம்பினாள். நானும் போனேன்.

நகரும் பட்டையில் அவள் முன்னால், நான் பின்னால். அதில் ஏறிவிட்டால் இறங்கிப் போக முடியாது. அதனால்தான் அங்கே வைத்துச் சொன்னேன்.

“வடிவு, மாப்பிள்ளைகிட்ட அந்த ஒரு வருஷத்தைக் கேட்டது நான்தாம்மா. அவரா சொல்லல.”

அவள் திரும்பினாள். கண்ணாடி பனியில் மங்கியிருந்தது. துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எப்ப?”

“பூட்ஸ் வாங்கப் போனமே, அன்னைக்கு.”

“கைகூப்பினீங்களா?”

“ஆமா.”

“கார்லயா?”

“கார்லதான். க்ளவுஸ் போட்டிருந்தேன்.” ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நாலு நாளா என் மனசு மேலயே நான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்ப்பா. மூணு மாசமா அவரு சொன்னதெல்லாம் நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு. எனக்குப் பைத்தியம்னு.”

“தப்புத்தாம்மா.”

“பேசாதீங்க.”

மேலே போனதும் ரோஸ் தொப்பிப் பெண் எங்கள் இருவரையும் சேர்த்துக் காட்டி, ஒன்றாகவா என்று கேட்டாள். வடிவு தலையாட்டி மறுத்துவிட்டுத் தன் டியூபில் உட்கார்ந்தாள். விரலைச் சுற்றிக் காட்டியதற்கும் வேண்டாம் என்றாள். நேராகப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

என் முறை வந்தது. அந்தப் பெண் கேட்டதற்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பலமாகச் சுழற்றிவிட்டாள். வானம், பனிக்கரை, கீழே போகிற வடிவின் சிவப்புச் சட்டை, மறுபடி வானம் என்று மாறி மாறி வந்தன. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கீழே வந்தபோது அவள் அங்கே இல்லை. அண்ணாச்சிதான் இழுத்துத் தூக்கினார்.

கார்ப் பக்கம் போய் மாப்பிள்ளையிடம், “நான் கேட்டதை விட்டுருங்க. அவகிட்டயும் சொல்லிட்டேன்” என்றேன். அவர் பயணப் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். டிக்கியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீங்க கைகூப்பினப்ப எங்க போறதுன்னே தெரியல மாமா. கதவு லாக் ஆகியிருந்தது” என்றார். சிரித்தாரா அழுதாரா என்று சரியாகத் தெரியவில்லை, இரண்டும் போலத்தான் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவனைப் போல ஒரு பையன் என் மகளுக்கு ஏன் போதவில்லை என்று அப்போதும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

செண்பகத்திடம் வடிவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். செண்பகம் அழுதாள். ஊரில் என்ன சொல்வது என்றாள், என் பிள்ளை தனியாக அங்கே எப்படி இருப்பாள் என்றாள். பிறகு என்னிடம் வந்து, “உங்களுக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டாள். சொன்னேன். அதிலிருந்து அவளும் என்னோடு பேசவில்லை. இந்த வீட்டில் இப்போது என்னோடு பேசுகிறவர் சம்பந்தி மட்டும்தான்.

டிசம்பர் 30, திங்கள்

மைனஸ் ஒன்பது. மாப்பிள்ளையும் வடிவும் சேர்ந்து பெட்டிகளில் புதுச் சீட்டு ஒட்டினார்கள். அவர் பிடித்துக்கொள்ள அவள் எழுதினாள். நடுவில் எதற்கோ சிரித்தார்கள். நான் போய் நின்றதும் நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 1, புதன்

காலையில் செண்பகம் காபி கொண்டுவந்து வைத்தாள். பேசவில்லை. ஆனால் சர்க்கரை சரியாக இருந்தது.

பத்து மணிக்கு வடிவு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்கப்பா, நடந்துட்டு வரலாம்” என்றாள். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. வீட்டுக்குப் பின்னால் உறைந்த ஏரி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நடைபாதை.

“உங்க மேல உள்ள கோவம் இன்னும் போகல” என்றாள்.

“சரிம்மா.”

“எப்ப போகும்னும் தெரியல.”

“சரிம்மா.”

“எல்லாத்துக்கும் சரி சரின்னா என்ன அர்த்தம்? என்கிட்ட கேக்கதுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா?”

இருந்தது. பதினொரு பெட்டிகளைப் பார்த்த அன்றிலிருந்து அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதைக் கேட்க வாய் வரவில்லை. அவளிடம் கேட்டுப் பழக்கமில்லை.

“ஏம்மா?” என்றேன் கடைசியில்.

அவள் சொன்னாள். ஏரியை இரண்டு சுற்று வரும்வரை சொன்னாள். நான்கு வருடத்துக் கதை, அதற்கு முன்னால் உள்ள கதையும். சில இடங்களில் என் பெயர் வந்தது. எதிர்த்துச் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன், மூன்று தடவையும் மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. காரணம் என்று தனியாக எடுத்து ஒரு வரியில் எழுதும்படியாகவும் எதுவும் சொல்லவில்லை. கேட்கக் கேட்க எனக்கு ஒரு இடத்தில் தெளிந்து இன்னொரு இடத்தில் குழம்பியது. ஆனால் அவள் குரலில் பல வருடமாக நான் கேட்காத ஒரு சத்தம் இருந்தது. அதை விட்டுவிடக் கூடாது என்று கவனமாக நடந்தேன்.

வாசலுக்கு வந்ததும் உள்ளதைச் சொன்னேன்.

“பாதிதாம்மா புரிஞ்சது.”

வடிவு பூட்ஸிலிருந்த பனியைப் படியில் தட்டினாள். “பாதி போதும்ப்பா. எனக்கே அவ்வளவுதான் தெரியும்.”